மூன்று இரவுகளும் ஓர் இசைத்தட்டும்
சுவைஞர் தீர்ப்பும் வரலாற்றுச் சான்றும்

கச்சேரி முடிந்த பின் அது எங்கே போகின்றது? சிற்பம் கல்லில் நிற்கின்றது. ஓவியம் சுவரில் நிற்கின்றது. நூல் ஏட்டில் நிற்கின்றது. மேடையில் எழுந்த இசையோ எழுந்த கணத்திலேயே காற்றோடு கலந்து மறைகின்றது. கேட்டவர் நெஞ்சில் எஞ்சுவது நினைவு ஒன்றே. அந்நினைவு நாளடைவில் தேய்வதும் உண்டு, வளர்வதும் உண்டு. "அன்று அவர் பாடியது போல் இனி எவரும் பாடப் போவதில்லை" என்று பெரியவர் ஒருவர் கூறுவாரானால், அதனை ஏற்கவும் வழியில்லை, மறுக்கவும் வழியில்லை.

ஒலிப்பதிவுக் கருவி வந்தபின் இக்குறை நீங்கியது என்று பொதுவாகச் சொல்வர். நீங்கியதா? மேடையில் நிகழ்ந்ததை ஒலிநாடா உள்ளவாறே காத்துத் தருகின்றதா? அதனைக் கேட்டு, நன்று தீது என்று தீர்ப்புக் கூறும் உரிமை யாருக்கு உரியது? பாடியவர்க்கா, கேட்டவர்க்கா? இவ்வினாக்களை ஓர் எடுத்துக்காட்டின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு, இங்கிலாந்து நாட்டு ராக் இசைக்குழுவாகிய டீப் பர்ப்பிள், 1972ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஜப்பானில் நிகழ்த்திய மூன்று கச்சேரிகளிலிருந்து தொகுக்கப்பெற்ற 'மேட் இன் ஜப்பான்' என்னும் இரட்டை இசைத்தட்டு. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அதன் சுவைஞர்கள் அதனைப் புகழ்ந்தும் குறைகூறியும் ஒப்பிட்டும் வருகின்றனர். தமிழாசிரியர்க்கு ராக் இசை எதற்கு என்று அன்பர் சிலர் வினவக்கூடும். அவ்விசை உயர்ந்ததா, தாழ்ந்ததா என்னும் வழக்கு ஈண்டு நமக்கு வேண்டுவதன்று. பட்டமும் பயிற்சியும் இல்லாத எளிய சுவைஞர் கூட்டம் ஒன்று, தான் விரும்பிய ஒரு பொருளின் மெய்ம்மையை எவ்வாறு ஆராய்ந்தது என்பதே நாம் காண வேண்டுவது.

மேடையும் ஒலிப்பதிவுக் கூடமும்

நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு 1948ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதன் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ இருபது நிமிட இசை நன்றாக அடங்கும். 1960களில் ஒலிப்பதிவுக் கூடங்களில் பல தடங்கள் கொண்ட ஒலிநாடாக் கருவிகள் பெருகின. பாடுவோர் ஒரு நாள் பாடலாம். கிட்டார் வாசிப்போர் மறுநாள் வாசிக்கலாம். பிழை நேர்ந்த இடத்தை மட்டும் மீண்டும் பதியலாம். பீட்டில்ஸ் குழுவினர் 1966ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் நிகழ்த்திய கச்சேரியோடு சுற்றுப்பயணத்தைக் கைவிட்டனர். அதன் பின்னர் அவர்கள் பெரிதும் கூடத்திலேயே இசை அமைத்தனர். கேட்போர் ஆரவாரத்தில் தங்கள் பாட்டே தங்கள் காதில் விழாத நிலை அதற்குரிய காரணங்களுள் ஒன்று.

வேறு சில குழுக்களோ மேடையையே தங்கள் உண்மையான இருப்பிடமாகக் கொண்டன. நம் கருநாடக இசையில் மனோதர்மம் என்று ஒன்று உண்டு. கீர்த்தனை ஒன்றே ஆயினும், பாடகர் அன்றைய மனநிலைக்கும் அவையின் தகுதிக்கும் ஏற்ப அதனை விரித்துப் பாடுவார். இவ்வியல்புக்கு நெருங்கிய ஒன்றை அன்றைய ராக் குழுக்கள் சிலவற்றிலும் காணலாம். தட்டில் நாலரை நிமிடம் ஒலித்த பாடல் மேடையில் இருபது நிமிடம் விரியும். கிட்டார்க் கலைஞருக்கு ஒரு பகுதி, ஆர்கன் கலைஞருக்கு ஒரு பகுதி, டிரம் கலைஞருக்குத் தனி ஆவர்த்தனம் என்று கச்சேரி வளரும். இத்தகைய குழுக்களுள் ஒன்றே டீப் பர்ப்பிள்.

கள்ளத் தட்டுகள் செய்த வேலை

மேடையில் கேட்டதை வீட்டிலும் கேட்க வேண்டும் என்று சுவைஞர் விரும்பினர். நிறுவனங்கள் அவ்விருப்பத்தை நிறைவேற்றத் தாமதித்தன; எனவே கள்ளச் சந்தை அதனை நிறைவேற்றியது. 1969ஆம் ஆண்டு அமெரிக்காவில் பாப் டிலனின் வெளிவராத பாடல்கள் 'கிரேட் ஒயிட் ஒண்டர்' என்னும் பெயரில் உரிமையின்றி அச்சிடப்பட்டு விற்பனையாயின. அதே ஆண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் அமெரிக்காவில் நிகழ்த்திய கச்சேரி ஒன்றும், அவையில் இருந்தபடியே பதிவு செய்யப்பட்டுக் கள்ளத் தட்டாக உலவியது. அடுத்த ஆண்டு அக்குழுவின் முறையான கச்சேரித் தட்டு வெளிவந்தது.

த ஹூ குழுவினர் 1970ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் லீட்ஸ் பல்கலைக் கழக உணவுக்கூடத்தில் நிகழ்த்திய கச்சேரி அவ்வாண்டே இசைத்தட்டாயிற்று. அதன் உறையைக் கள்ளத் தட்டின் உறை போலவே, வெறுந்தாளில் முத்திரை குத்தியது போல் அமைத்தனர். கள்ளத் தட்டுக்கு எத்துணை மதிப்பு இருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா? டீப் பர்ப்பிள் குழுவும் இதற்கு விலக்கன்று. 1970ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஜெர்மனியின் ஆகன் நகரில் அவர்கள் நிகழ்த்திய கச்சேரி 'எச் பாம்' என்னும் பெயரில் கள்ளத் தட்டாக வெளிவந்தது. சுவைஞர்களின் விருப்பம் முன்னே சென்றது. நிறுவனங்கள் பின்னே நடந்தன. கச்சேரி இசைத்தட்டுகள் பெருகிய வரலாற்றில் இஃது ஒரு முதன்மையான காரணமாகும்.

குழுவின் வரலாறு

டீப் பர்ப்பிள் 1968ஆம் ஆண்டு தோன்றியது. 1969இல் பாடகர் இயன் கில்லனும் பேஸ் கிட்டார்க் கலைஞர் ராஜர் குளோவரும் சேர்ந்தனர். கிட்டாரில் ரிச்சி பிளாக்மோர், ஹாமண்ட் ஆர்கனில் ஜான் லார்ட், டிரம்மில் இயன் பெய்ஸ் முன்னரே இருந்தனர். இவ்வைவரின் கூட்டே நம் ஆராய்ச்சிக்கு உரியது. அவ்வாண்டு செப்டம்பர் 24ஆம் நாள், லண்டன் இராயல் ஆல்பர்ட் மண்டபத்தில், மால்கம் ஆர்னால்டு நடத்திய இராயல் பில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவோடு சேர்ந்து ஜான் லார்ட் இயற்றிய நீண்ட இசையை நிகழ்த்தினர். அதுவும் இசைத்தட்டாக வெளிவந்ததே. எனினும் அது பெரிய வாத்தியக் குழுவோடு கூடிய தனி முயற்சி. அவர்களுடைய வழக்கமான கச்சேரி எப்படி இருக்கும் என்பதை அது காட்டவில்லை.

1971ஆம் ஆண்டு டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மோந்திரே நகருக்குப் புதிய பாடல்களைப் பதிவு செய்யச் சென்றனர். அவர்கள் பதிவுக்கென எண்ணியிருந்த கேளிக்கை மண்டபம் அம்மாதம் 4ஆம் நாள், பிராங்க் சாப்பாவின் கச்சேரி நடந்துகொண்டிருக்கும் போதே தீப்பற்றி அழிந்தது. ஏரியின் மேல் படர்ந்த புகையைக் கண்டு அவர்கள் அமைத்த பாடலே 'ஸ்மோக் ஆன் த வாட்டர்'. அப்பாடல் 1972ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வெளிவந்த 'மெஷின் ஹெட்' என்னும் தட்டில் இடம்பெற்றது. ஜப்பான் தட்டில் உள்ள ஏழு பாடல்களுள் நான்கு இந்த 'மெஷின் ஹெட்' தட்டைச் சேர்ந்தவை.

ஜப்பான் வேண்டுகோள்

கச்சேரியை ஒலிப்பதிவு செய்ய வேண்டும் என்னும் கோரிக்கை குழுவினரிடமிருந்து எழவில்லை. ஜப்பானிய இசைத்தட்டு நிறுவனமே அதனை வேண்டிற்று. ஜப்பானில் மட்டும் விற்பதற்கு ஒரு தட்டு என்பதே முதற் கருத்து. குழுவினர் அரை மனத்தோடு இசைந்தனர்; இசையும் போது நிபந்தனைகளும் விதித்தனர். தங்கள் ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பிர்ச் உடன் வருவார்; ஒலிநாடாக்களைத் தாங்களே எடுத்துச் சென்று ஒலிக்கலவை செய்வர். இவையே அந்நிபந்தனைகளுள் முதன்மையானவை. எட்டுத் தடம் கொண்ட கருவியில் பதிவு நடந்தது. மொத்தச் செலவு 3,000 டாலர் அளவே ஆனது என்று ஜான் லார்ட் பிற்காலத்தில் கூறியிருக்கின்றார்.

கச்சேரிகள் மூன்று. ஆகஸ்டு 15, 16 ஆகிய இரு நாள்கள் ஒசாக்கா நகரின் பெஸ்டிவல் மண்டபத்தில் நடந்தன. 17ஆம் நாள் டோக்கியோவின் புடோக்கான் அரங்கில் நடந்தது. புடோக்கான் 1964ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டுகளின் ஜூடோப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட தற்காப்புக் கலைக் கூடம். 1966இல் பீட்டில்ஸ் குழுவினர் அங்கே பாடியபோது, தற்காப்புக் கலையின் கூடத்தில் பாப் கச்சேரியா என்று எதிர்ப்புக் குரல் எழுந்தது. ஆறாண்டு கழித்து டீப் பர்ப்பிள் அங்கே வந்தபோது அக்கூடம் இசைக்கும் பெயர் பெற்றுவிட்டது.

இங்கிலாந்தில் அவ்வாண்டு டிசம்பரிலேயே இரட்டைத் தட்டு வெளிவந்து, விற்பனை வரிசையில் 16ஆம் இடம் பெற்றது. அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டு வெளிவந்து 6ஆம் இடம் வரை ஏறிற்று. 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' தனித் தட்டாகவும் அவ்வாண்டு அங்கே வெளிவந்து 4ஆம் இடம் பெற்றது. ஒரு நாட்டுக்கென எண்ணிய தட்டு இவ்வாறு உலகத் தட்டாயிற்று.

பாடியவர் தீர்ப்பு

இனி, தீர்ப்புகளைக் காண்போம். முதலில் குழுவினரைக் கேட்போம். டிரம் கலைஞர் இயன் பெய்ஸ் இத்தட்டின் பெரும் ஆதரவாளர். ஜான் லார்டும் தம் குழுவின் தட்டுகளுள் இதனையே பெரிதும் விரும்பினார். பாடகர் இயன் கில்லனோ தாம் பாடியது தமக்கு நிறைவளிக்கவில்லை என்றார். ஒலிக்கலவை நடந்தபோது குளோவரும் பெய்சும் மட்டுமே உடனிருந்தனர். கில்லனும் பிளாக்மோரும் வரவில்லை. ஐவர் செய்த ஒரு செயலைப் பற்றி ஐவருக்குள்ளேயே இத்துணை வேறுபாடு.

ஆக்கியவர் கூற்றே முடிவு என்பாருக்கு இங்கே இடர்ப்பாடு எழுகின்றது. எந்த ஆக்கியவர் கூற்றைக் கொள்வது? கில்லன் பாடிய உச்சக் குரலைக் கேட்டுப் பல்லாயிரம் சுவைஞர் வியந்தனர். அப்படிப் பாடியவரே அதில் குறை கண்டார். அவர் மனத்தில் இருந்தது தாம் பாட எண்ணிய பாட்டு. சுவைஞர் செவியில் விழுந்தது அவர் பாடிய பாட்டு. அளவுகோல் இரண்டாகும்போது தீர்ப்பும் இரண்டாவது இயல்பே.

சுவைஞர் தீர்ப்பு

சுவைஞர் கருத்துகளைத் தொகுத்து நோக்கினால் அவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகையினர், இத்தட்டே ராக் கச்சேரித் தட்டுகளுள் தலையாயது என்பர். 'ஹைவே ஸ்டார்', 'சைல்டு இன் டைம்' ஆகியவற்றின் கூடப் பதிவுகளை விட மேடைப் பதிவுகளே சிறந்தவை என்பது இவர்கள் துணிபு. 2012ஆம் ஆண்டு அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் இதழ், சிறந்த கச்சேரித் தட்டுகள் எவை என்று தன் வாசகரிடம் வாக்குக் கேட்டபோது, நாற்பது ஆண்டு பழமையான இத்தட்டு 6ஆம் இடம் பெற்றது.

இரண்டாம் வகையினர், நீளத்தைக் குறை கூறுவர். 'த மூல்' என்னும் பாடலில் டிரம் தனி ஆவர்த்தனம் பெரும்பகுதியைக் கொள்கின்றது. 'ஸ்பேஸ் டிரக்கின்' ஒன்றே நான்காம் பக்கம் முழுவதையும் நிறைக்கின்றது. அரங்கில் கண்ணும் காதும் ஒருங்கே ஈடுபட்டிருக்கும் போது இனிப்பது, வீட்டில் காது மட்டும் கேட்கும் போது அலுக்கின்றது என்பது இவர்கள் வாதம். இதனைத் தள்ளிவிட இயலாது. முதல் வகையினர் அதற்குக் கூறும் விடையும் எண்ணத்தக்கது: அந்த நீளத்தை வெட்டினால் எஞ்சுவது கச்சேரி ஆகாது, பாடல்களின் கோவையே ஆகும் என்பர்.

மூன்றாம் வகையினர் மெய்ம்மையைப் போற்றுவோர். இதில் பின்னர் ஒட்டிச் சேர்த்தது எதுவுமில்லை. அன்று மேடையில் எழுந்த ஒலியே இது என்பதுதான் இவர்கள் இத்தட்டை உயர்த்தும் முதற் காரணம். குழுவினரும் அவ்வாறே கூறினர்.

நான்காம் வகையினர் ஒப்பீட்டாளர். தட்டில் உள்ளவை மட்டும் போதா. மூன்று இரவுகளையும் முழுமையாகக் கேட்டபின்னரே எது சிறந்தது என்று கூறவேண்டும் என்பது இவர்கள் கொள்கை. இவர்களுக்கு வேண்டிய சான்று இருபது ஆண்டுகளுக்கு மேல் வெளிவராமலே இருந்தது.

மூன்றாம் வகையினர் மெய்ம்மையை ஏன் இத்துணை வற்புறுத்தினர்? அக்காலக் கச்சேரித் தட்டுகள் பலவற்றின் மேல் ஐயம் இருந்தமையே காரணம். 1975இல் வெளிவந்த கிஸ் குழுவின் 'அலைவ்' தட்டில், மேடைப் பதிவின் மேல் கூடத்தில் மீண்டும் பதிந்து சேர்த்தவை உண்டு என்று பின்னர் ஒப்புக்கொள்ளப்பட்டது. 1978இல் வெளிவந்த தின் லிசி குழுவின் 'லைவ் அண்டு டேஞ்சரஸ்' தட்டில் பெரும்பகுதி கூடத்தில் திருத்தப்பட்டது என்று அதன் தயாரிப்பாளர் டோனி விஸ்கோண்டி கூற, குழுவின் தரப்பினர் அதனை மறுத்தனர். அவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. சேர்த்துப் பதிந்தால் இசை கெட்டுவிடும் என்று எவரும் சொல்லவில்லை. மேடையில் நிகழ்ந்தது என்று சொல்லி விற்றது மேடையில் நிகழ்ந்திருக்க வேண்டும் அன்றோ? சுவைஞர் கேட்டது அவ்வளவே.

சான்றுகள் வெளிவந்த காலம்

இங்கிலாந்தில் 1970களிலேயே டீப் பர்ப்பிள் சுவைஞர் கழகம் ஒன்று தோன்றியது. 'டார்க்கர் தேன் புளூ' என்னும் இதழையும் அது நடத்திற்று. எந்த ஊரில் எந்நாள் என்ன பாடினர், எந்த ஒலிநாடா யாரிடம் உள்ளது என்றெல்லாம் இத்தகைய சுவைஞர் ஆர்வத்தோடு திரட்டினர். குழுவே மறந்துவிட்ட செய்திகள் இவர்களால் காக்கப்பட்டன.

1993ஆம் ஆண்டு 'லைவ் இன் ஜப்பான்' என்னும் மூன்று குறுந்தட்டுத் தொகுதி வெளிவந்தது. மூன்று இரவுகளின் முதன்மைக் கச்சேரியும், பழைய தட்டில் இருந்த இரண்டு பதிவுகள் நீங்கலாக, அதில் இடம்பெற்றது. 1998இல் பழைய தட்டின் புதுப் பதிப்பு வந்தபோது, அவையினர் மீண்டும் அழைத்துப் பாடச் செய்த 'பிளாக் நைட்', 'ஸ்பீடு கிங்', 'லூசில்' ஆகியவை சேர்க்கப்பட்டன. 2014இல் மூன்று கச்சேரிகளும் முழுமையாகவே வெளிவந்தன. ஒப்பீட்டாளர்க்கு வேண்டிய மூலங்கள் யாவும் இப்போது கைக்கு எட்டின.

அவற்றைக் கொண்டு நோக்கும்போது தட்டின் அமைப்பு நன்கு விளங்குகின்றது. 'ஹைவே ஸ்டார்', 'சைல்டு இன் டைம்', 'ஸ்ட்ரேஞ்ச் கைண்டு ஆப் உமன்', 'ஸ்பேஸ் டிரக்கின்' ஆகிய நான்கும் ஒசாக்காவின் இரண்டாம் இரவைச் சேர்ந்தவை. 'த மூல்', 'லேசி' ஆகிய இரண்டும் டோக்கியோ இரவைச் சேர்ந்தவை. 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' ஒன்றே முதல் இரவைச் சேர்ந்தது.

முதல் இரவே மூன்றனுள் தளர்ந்தது என்று பொதுவாகக் கருதப்படுகின்றது. அவ்வாறாயின், குழுவின் புகழ்மிக்க பாடலை அவ்விரவிலிருந்து எடுத்தது ஏன்? அப்பாடலின் உயிர்நாடி அதன் தொடக்கத்தில் கிட்டார் எழுப்பும் சிறு இசைத்தொடர். அதனைத் தட்டில் உள்ளவாறே பிளாக்மோர் வாசித்தது அந்த முதல் இரவில் மட்டுமே. மற்ற இரு இரவுகளிலும் அவர் அதனை மாற்றி வாசித்தார். டோக்கியோக் கச்சேரியே மூன்றிலும் சிறந்தது என்று குழுவினர் எண்ணினர்; ஆனால் ஒலியின் தெளிவு ஒசாக்காப் பதிவில் மிகுதி. ஆகவே, நன்றாக வாசித்தது ஒன்று, நன்றாகப் பதிவானது ஒன்று, கேட்போர் எதிர்பார்த்தது ஒன்று என மூன்று அளவுகோல்களைக் கொண்டு தெரிவு நடந்திருக்கின்றது.

நிகழாத கச்சேரி

மூன்று இரவுகளிலும் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' இரண்டாவதாகவும் 'சைல்டு இன் டைம்' மூன்றாவதாகவும் பாடப்பட்டன. தட்டிலோ இவ்வரிசை மாறியிருக்கின்றது. 'சைல்டு இன் டைம்' இரண்டாவதாக வந்து முதற் பக்கத்தை நிறைக்கின்றது. மற்றொன்று அடுத்த பக்கத்தைத் தொடங்குகின்றது. இவ்வரிசையில் நான்கு பக்கங்களும் ஏறத்தாழச் சம நேரம் கொள்கின்றன. மீண்டும் அழைத்துப் பாடச் செய்த பாடல்களுக்கு இடமே இல்லை.

ஜான் லார்ட் கூறிய மற்றொரு செய்தியும் உண்டு. 'ஸ்ட்ரேஞ்ச் கைண்டு ஆப் உமன்' பாடலில் ஓர் அடியை மட்டும் வேறோர் இரவின் பதிவிலிருந்து எடுத்து இணைக்க நேர்ந்தது என்றார் அவர். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வெளிவந்த உறையின் முகப்புப் படமும் ஜப்பானில் எடுக்கப்பட்டதன்று. லண்டன் மேடை ஒன்றில் எடுக்கப்பட்டது.

இவற்றைத் தொகுத்துப் பார்க்கும்போது வியப்பான முடிவு ஒன்றுக்கு வருகின்றோம். கலப்பற்ற மெய்ம்மை என்று சுவைஞர் போற்றிய இக்கச்சேரி, இந்த வரிசையில், இந்த வடிவில், எந்த இரவிலும் எந்த ஊரிலும் நிகழவே இல்லை! இதனை முழுமையாக மேடையில் கேட்ட ஜப்பானியர் ஒருவர் கூட இருந்திருக்க முடியாது. ஒவ்வொரு பகுதியும் உண்மை. முழுமையோ தொகுத்தவர் அமைத்தது.

அவ்வாறாயின் சுவைஞர் ஏமாந்தனரா? இல்லை என்பதே என் கருத்து. பாடும்போது நேர்ந்த தடுமாற்றத்தைக் கூடத்தில் மறைப்பது வேறு; நிகழ்ந்தவற்றுள் நல்லதைத் தேர்ந்து கோப்பது வேறு. முன்னது சான்றைத் திருத்துவது. பின்னது சான்றைத் தொகுப்பது. வரலாறு எழுதுவோர் யாவரும் பின்னதைச் செய்தே தீரவேண்டும். தொகுத்தோம் என்பதை மறைக்காதிருப்பதே அவர் கடமை. மூன்று இரவுகளும் முழுமையாக வெளிவந்தமையால் இத்தட்டு அக்கடமையையும் காலந்தாழ்த்தியேனும் நிறைவேற்றிவிட்டது. மேற்பதிவு இல்லை என்னும் குழுவின் கூற்று இன்றும் பரவலாக ஏற்கப்பட்டு வருகின்றது.

இதில் மற்றொரு செய்தியும் நோக்கத்தக்கது. மூலங்கள் யாவும் கிடைத்தபின் பழைய தட்டின் மதிப்புக் குறைந்துவிடவில்லை. இரண்டாம் இரவே சிறந்தது என்பார் பலர். டோக்கியோவே என்பாரும் உளர். அவர்களுள்ளும் பலர் இறுதியில் பழைய ஏழு பாடல் வரிசைக்கே திரும்புகின்றனர். புதிய ஒலிக்கலவைகளை விடப் பழைய கலவையே இனிது என்பாரும் இருக்கின்றனர். பழக்கம் ஒரு காரணம் ஆகலாம். நல்ல தொகுப்புக்குத் தனக்கென ஓர் உயிர் உண்டு என்பதும் ஒரு காரணம் ஆகலாம்.

பெயரறியாத குரல்கள்

தட்டைக் கூர்ந்து கேட்போர்க்கு ஐவரைத் தவிர வேறு ஒரு கலைஞர் கூட்டமும் புலப்படும். அக்கூட்டம் ஜப்பானிய அவையினரே. 'சைல்டு இன் டைம்' பாடலின் மென்மையான பகுதிகளில் அவர்கள் காக்கும் அமைதியையும், 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' தொடங்கும்போது தாளத்தோடு எழுப்பும் கைதட்டலையும் இன்றும் கேட்கலாம். அவர்கள் பெயர் உறையில் இல்லை. ஆயினும் அவர்கள் அமைதி காக்காதிருந்தால் அம்மென்மை நமக்குக் கிட்டியிராது. அவர்கள் நாட்டு நிறுவனம் வேண்டாதிருந்தால் இப்பதிவே பிறந்திராது.

அன்று இசைத்தோருக்கோ அந்தக் கூட்டு நெடுநாள் நிலைக்கவில்லை. கில்லனும் குளோவரும் 1973ஆம் ஆண்டு குழுவை விட்டு விலகினர். அவ்வைவரும் பிரிவதற்கு முன் ஒருங்கே நிகழ்த்திய இறுதிக் கச்சேரி அவ்வாண்டு ஜூன் 29ஆம் நாள் அதே ஒசாக்கா நகரில் நடந்தது. 1984இல் அவர்கள் மீண்டும் கூடினர். ஜான் லார்ட் 2012ஆம் ஆண்டும், ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பிர்ச் 2020ஆம் ஆண்டும் மறைந்தனர். ஒசாக்காவின் பழைய பெஸ்டிவல் மண்டபம் 2008ஆம் ஆண்டோடு மூடப்பட்டு, அவ்விடத்தில் 2013இல் புதிய மண்டபம் எழுந்தது. அன்றைய மண்டபத்தில் அன்றைய அவையினர் நடுவே அவ்வொலி எவ்வாறு எழுந்தது என்பதற்கு, இன்று ஒலிநாடாவே தலையாய சாட்சி.

ஆசிரியர் கொள்ளத்தக்கது

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வரலாறு கற்பிக்கும் முறையைப் பயின்றபோது, முதல்நிலைச் சான்று, இரண்டாம்நிலைச் சான்று என்னும் பாகுபாட்டை நாம் மனப்பாடம் செய்தோம். மாணவர்க்கும் அதனை அவ்வாறே சொல்லிக் கொடுத்து வருகின்றோம். மாணவர் அதனைத் தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடுகின்றனர். தங்களுக்கு விருப்பமான ஒரு பாடலைக் கொண்டு அதனைப் பயில்வாரானால் மறப்பாரா? திரைப்பாடல் ஒன்றின் தட்டுப் பதிவையும், அதே பாடகர் மேடையில் பாடிய பதிவையும் அருகருகே வைத்து, எங்கே வேறுபடுகின்றன, ஏன் வேறுபடுகின்றன, எது முந்தியது என்று வினவினால், ஐந்தாம் ஆண்டு மாணவனும் சான்றாய்வில் இறங்கிவிடுவான்.

தமிழாசிரியர்க்கு இம்முறை புதியதன்று. டாக்டர் உ.வே. சாமிநாதையர் ஏட்டுச்சுவடிகள் பலவற்றை ஒப்பிட்டு, பாடபேதங்களை ஆராய்ந்து, 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஒரு சுவடியில் சிதைந்த அடியை மற்றொரு சுவடி விளக்கும். மூன்று இரவுகளின் ஒலிநாடாக்களை ஒப்பிட்டு, இந்த அடி இந்த இரவினது, அந்தத் தொடர் அந்த இரவினது என்று கண்டறிந்த சுவைஞர் செய்த வேலையும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. பொருளின் உயர்வில் வேறுபாடு உண்டு. முறையில் வேறுபாடு இல்லை.

சுவைஞர் கருத்து என்றால் வெறும் ஆரவாரம் என்று கற்றோர் சிலர் எண்ணுவது உண்டு. ஆரவாரம் உண்டு, ஐயமில்லை. ஆயினும், ஒரு பொருளின்மேல் கொண்ட அன்பு நெடுங்காலம் நீடிக்குமானால், அது கேள்வி கேட்கத் தொடங்குகின்றது, ஒப்பிடத் தொடங்குகின்றது, பாதுகாக்கத் தொடங்குகின்றது. இத்தட்டைப் பற்றிய சுவைஞர் தீர்ப்பு ஒரே நாளில் பிறந்ததன்று. புகழ்ச்சியாகத் தொடங்கி, ஐயமாக வளர்ந்து, ஒப்பீட்டால் தெளிந்து, மீண்டும் மதிப்பாக நிலைபெற்றது. பாடியவரின் மனநிறைவையோ மனக்குறையையோ மட்டும் நம்பியிருந்தால் இத்தெளிவு கிட்டியிராது.

ஆகவே, கச்சேரியைப் பற்றித் தீர்ப்புக் கூறும் உரிமை பாடியவர்க்கா, கேட்டவர்க்கா என்னும் வினாவுக்கு நாம் காணும் விடை இது: இருவருக்கும் உண்டு, ஆனால் சான்றோடு பேசுவாரின் தீர்ப்பே நிலைக்கும். ஒசாக்காவில் இரண்டு இரவும் டோக்கியோவில் ஓர் இரவும் எழுந்த ஒலியை, அங்கே இல்லாதவர்கள் இன்றும் கேட்டு வழக்காடுகின்றார்கள் என்றால், அவ்வழக்குக்கு இடந்தந்தது மூன்று நாள் ஒலிநாடாவை அழியாமல் காத்து வைத்த செயலே. நம் ஊர்க் கோயில்களிலும் பள்ளி மண்டபங்களிலும் ஆண்டுதோறும் எத்தனையோ நல்ல இசை எழுந்து அடங்குகின்றது. அவற்றுள் சிலவற்றையேனும் நாள், இடம், பாடியவர் பெயர் குறித்துப் பதிந்து வைப்போமானால், நாளைய தலைமுறையினர் நம்மைப் பற்றி வழக்காடவும் தீர்ப்புக் கூறவும் இயலும். அவர்கள் குறை கூறினாலும் கூறட்டும், சான்றாவது இருக்கும்.